தோட்டா வாங்குபவரைக் கேட்கலாமா

கிளேட்டன் என்ற புறநகரில் நான் குடியிருந்த தெரு முனையில் ஒரு ஹாட்வெயார் கடை இருந்தது. ஆணி, பெயின்ட், தோட்டத்துக் குழாய், அவற்றுக்குப் பக்கத்திலேயே துவக்குத் தோட்டா. பாணும் பாலும் வாங்குவதுபோல ஆட்கள் ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு போவார்கள். எழுபதுகளின் நடுப்பகுதி அது. ஆராய்ச்சி செய்ய யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருந்த நான் அந்தத் தோட்டாத் தட்டைக் கண்டால் சுற்றிக்கொண்டு மறுபக்கத்தால் போவேன்.

போகாமல் என்ன செய்வேன்? என் தந்தைக்குக் கிளிநொச்சியில் வயல் இருந்தது, பன்றி விரட்ட ஒரு துவக்கும் இருந்தது. வருடா வருடம் அதைக் கச்சேரி என்ற அரச அலுவலகத்துக்குக் கொண்டுபோய் அதிகாரிகளிடம் அனுமதியைப் புதுப்பிப்பார். புதிதாகத் தோட்டா வேண்டுமென்றால், முன்பு வாங்கியதை என்ன செய்தாய் என்று கேட்பார்கள். அவரும் முகம் கோணாமல் பதில் சொல்வார். துவக்கு என்றால் கேள்வியும் கூடவே வரும் என்று நம்பி வளர்ந்தவன் நான்.

நான் வாடகைக்கு இருந்தது மனைவியை இழந்த ஒரு வெள்ளைக்காரக் கிழவரின் வீட்டுப் பின்னறையில். அவருடைய ஒரே மகள் நாட்டின் மறுகோடியில், பேர்த்தில். எனக்குத் தெரிந்த ஒரே தமிழர் சிட்னியில், ஹோம்புஷில். தமிழ் பேச ஆளில்லாமல் நான் சோற்றுப் பானையோடு கதைத்திருக்கிறேன். சனிக்கிழமைகளில் மட்டும் கிழவரும் நானும் அவருடைய பழைய காரில் பண்ணைப் பக்கம் முயல் சுடப் போவோம். அவர் சுடுவார், நான் சுமப்பேன். பிறகு அவருடைய குசினியில் முயல்கறி வைப்பேன். உறைப்பில் கண்ணீர் வழிய வழிய இன்னும் கேட்டு வாங்கிச் சாப்பிடுவார். அந்தச் சனிக்கிழமைகள் இல்லாவிட்டால் எனக்குப் பைத்தியம் பிடித்திருக்கும்.

அந்தக் குளிர்காலத்தில்தான் பேச்சு கிளம்பியது. அனுமதி வைத்திருப்பவருக்கு மட்டுமே தோட்டா விற்க வேண்டும் என்று மாநில அரசு சட்டம் கொண்டுவரப் போகிறதாம். வானொலியில் ஒரே வாக்குவாதம். கோபத்தில் வருகிறவன் கையில் கேட்காமல் கொடுப்பதா என்றது ஒரு பக்கம். நேர்மையான விவசாயியைக் கள்ளனைப்போல விசாரிப்பதா என்றது மறுபக்கம். கிழவருக்கு மூக்குக்கு மேல் கோபம். அவர் பேசியது ஆங்கிலம்தான், ஆனால் என் நினைவில் அவர் எப்போதோ யாழ்ப்பாணத்தாராகிவிட்டார்.

"என்ர துவக்கு, என்ர காசு. எதுக்கு வாங்கிறாய் எண்டு கேக்க இவை ஆர்?"

"கேட்டால் என்ன குறைஞ்சு போகும்? எங்கட அப்பாவையும் கேட்டவைதானே" என்றேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

"அது உம்மட ஊர். இஞ்சை என்னை ஒருத்தரும் ஒண்டும் கேக்கக் கூடாது!"

கறியைப் பாதியில் விட்டு எழுந்து போனார். அடுத்த சனிக்கிழமை துவக்கை எடுத்துக்கொண்டு தனியாகப் புறப்பட்டார். கார்த் திறப்புக் கொத்தைக் கையில் உருட்டியபடி வாசலில் வெகுநேரம் நின்றார். நான் வாயே திறக்கவில்லை. கோபத்தால் அல்ல. வெளிக்கிட்டு நிற்பவரை எங்கே போகிறீர்கள் என்று கேட்டால் போகிற காரியம் கெட்டுவிடும் என்பது எங்கள் வழக்கம். மிஞ்சிப் போனால் "தூரமோ?" என்போம். அதை எந்த ஆங்கிலத்தில் கேட்பது?

பல சனிக்கிழமைகள் இப்படியே போயின. இருட்டிய பிறகு வருவார், கையில் முயல் இருக்காது. நான் பின்னறையில் தனியே சோறும் பருப்பும் தின்றேன்.

ஒருநாள் பல்பு வாங்கப் போனபோது கடைக்காரர் சிரித்தார். "உங்கட ஆள் இப்ப தோட்டா வாங்கிறதே இல்லை. அந்தச் சட்டம் உங்கட வீட்டிலை மட்டும் வந்திட்டுதோ?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. வீட்டுக்கு ஓடிவந்து குசினி அலுமாரியைத் திறந்தேன். கடைசியாக நாங்கள் சேர்ந்து வாங்கிய பெட்டி உடைக்காமல் அப்படியே இருந்தது. முயல் சுடுவதற்கல்லாமல் எதற்கு ஒரு தனி மனிதர் துவக்கோடு போகிறார்? தனக்கென்று காரில் ஒரு தோட்டா வைத்திருப்பாரோ? இந்த ஊரில் எனக்கென்று இருந்தது அந்த ஒரு மனிதர்தான்.

அன்றும் சனிக்கிழமைதான். வாசற்படியில் இருந்தேன். கார் வந்து நின்றதும் வழக்கமாவது, சகுனமாவது என்று கேட்டுவிட்டேன்.

"எங்கை போட்டு வாறியள்?"

அவர் காரிலிருந்து இறங்கவில்லை. "பண்ணை வேலியடியிலை காரை நிப்பாட்டிப்போட்டுச் சும்மா இருப்பன். துவக்கு பின் சீற்றிலை கிடக்கும். தனியச் சுட மனம் வரேல்லை." எஞ்சினை நிறுத்தினார். "என்னை ஒண்டும் கேக்கக் கூடாதெண்டு ஊர் முழுக்கச் சொன்னன். நீர் ஒருத்தர்தான் அதை உண்மையெண்டு எடுத்தனீர்."

அடுத்த சனிக்கிழமை அவர் வாசலுக்கு வந்ததும் எங்கே என்று சத்தமாகக் கேட்டேன். "குளிருது, கோட்டைப் போட்டுக்கொண்டு வாரும்" என்றார்.

தோட்டாச் சட்டம் பிறகு வந்தது, மாறியது, இறுகியது. கிழவர் அதையெல்லாம் முழுதாகப் பார்க்கவில்லை. நான் இன்னும் இதே நகரில்தான் இருக்கிறேன், தனியாக. கதவைப் பூட்டிக்கொண்டு வெளிக்கிடும்போது எங்கே என்று கேட்க வீட்டில் யாருமில்லை. சகுனம் ஒவ்வொரு நாளும் நன்றாகவே இருக்கிறது.