வெற்றிலைத் தட்டோடு வந்த சாமி

பிளேக் வந்த வருஷம் எங்கள் தெருவில் எந்த வீட்டுக்கும் கூரை இல்லை. கோயமுத்தூரில் அப்போதெல்லாம் எலி செத்து விழுந்தால் சட்டி பானையைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குப் போய் ஓலைச் சாளை போட்டுத் தங்கிவிடுவோம். நாங்கள் போனதும் முனிசிபாலிட்டி ஆட்கள் வந்து, வீட்டுக்குள் வெயில் அடித்தால் நோய் சாகும் என்று ஓடுகளைப் பிரித்து வாசலில் அடுக்கிவிட்டார்கள். நோய் செத்ததோ என்னவோ, என் வீட்டுக்காரர் சாளையிலேயே போய்ச் சேர்ந்துவிட்டார். திரும்பி வந்தபோது எனக்கு நாலு சுவர் இருந்தது, மேலே வானம் இருந்தது, அவர் இல்லை.

அந்த நேரம் பார்த்துத்தான் பிரான்சு தேசத்துச் சாமியார் ஒருவர் சைக்கிளில் தகரப் பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்து இறங்கினார். எங்கள் தெருவில் பாதிப் பேர் ஏசுவைக் கும்பிடும் வேதக்காரர்கள், மில் வேலைக்குப் போகிறவர்கள். பூசைக்கு டவுன் கோயிலுக்கு நடக்க வேண்டும். போனாலும் கடைசியில்தான் நிற்க வேண்டும். இங்கேயே ஒரு கோயில் வைக்கப் போகிறேன் என்றார் சாமி. சமைக்க ஆள் தேடினார்; நான் போய்ச் சேர்ந்தேன்.

அவருடையது புத்தகத் தமிழ். தாகம் எடுத்தால், "அம்மையே, சிறிது நீர் அருள்வீர்" என்பார். நீர் அருளுவதற்குள் எனக்குச் சிரிப்பில் செம்பு கவிழ்ந்துவிடும். முதல் நாள் ராகிக் களியை வைத்தேன். பாவம், பொழுதுக்கும் மென்றுகொண்டே இருந்தார். களியை மெல்லக்கூடாது, விழுங்க வேண்டும் என்று அவருக்கு யார் சொல்லியிருப்பார்கள்?

கோயில் கட்ட வந்தவர் முதலில் கோயிலைத் தொடவில்லை. மழைக்கு முன்னால் வீடுகளுக்கு ஓடு போட வேண்டும் என்று அங்கியை இடுப்பில் சொருகிக்கொண்டு ஏணியில் ஏறிவிட்டார். வேதக்காரர் வீடா, மாரியம்மனைக் கும்பிடுகிறவர் வீடா என்று பார்க்கவில்லை. அவர் வேய்ந்த இடமெல்லாம் ஒழுகும் என்பது வேறு விஷயம். அவர் இறங்கி அந்தப் பக்கம் போனதும் வீட்டுக்காரர்கள் சத்தமில்லாமல் ஏறிச் சரிசெய்துகொள்வார்கள், அவர் மனசு நோகக் கூடாதென்று.

கடைசியில் பஞ்சுக் கிடங்காக இருந்த ஒரு ஷெட் கிடைத்தது. மேற்றிராணியார் என்கிற பிஷப்பை நாங்கள் ஆண்டவர் என்போம். அவர் வந்து சுற்றிப் பார்த்துவிட்டு, திறப்பு நாளுக்கு நானே வருவேன், கோயில் நிறையாவிட்டால் ஷெட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நீர் மலை எஸ்டேட்டுக்குப் போய்விட வேண்டும் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். அன்றைக்குச் சாமி களியை மெல்லவும் இல்லை, விழுங்கவும் இல்லை.

திறப்பு நாள் காலையில் சாமி தண்டவாளத் துண்டைக் கட்டித் தொங்கவிட்டு, கை வலிக்க அடித்தார். ஒரு ஈ காக்கை வரவில்லை. நான் தெருவில் இறங்கிப் பார்த்தால் எல்லாரும் குளித்து, வெளுத்த துணி உடுத்தி, தலை வாரி, அவரவர் வாசலில் உட்கார்ந்திருக்கிறார்கள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. முதல் வீட்டுப் பெரியவரிடம் போய் நின்றேன்.

"ஏனுங்க, மணி கேக்கலீங்களா?"

"கேட்டுதுங்க அம்மணி. ஆனாச் சாமி ஊட்டுக்கு வந்து ஒரு வார்த்தை கூப்பிடலீங்களே. கூப்பிடாத விசேசத்துக்கு எப்படிங்க போறது?"

நியாயம் அவர் பக்கம் இருந்தது. சும்மா போய்வருவது வேறு, விசேஷம் வேறு. விசேஷமென்றால் வெற்றிலை பாக்குத் தட்டோடு வாசலுக்கு வந்து அழைக்க வேண்டும். மணியடித்துக் கூப்பிட நாங்கள் என்ன பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளா?

சாமி பூசை உடுப்போடு கோயில் வாசலில் நின்றார். ஏற்கெனவே வெள்ளை, இப்போது சுண்ணாம்பு அடித்த மாதிரி இருந்தார். "வரமாட்டோம்னு உக்காரலீங்க சாமி. நீங்க வந்து கூப்பிடுவீங்கன்னு உக்காந்திருக்காங்க" என்றேன். அவர் சாப்பிடுகிற பித்தளைத் தட்டைக் கழுவி, வெற்றிலை பாக்கு வைத்துக் கையில் கொடுத்தேன். எப்படி அழைப்பது என்பதையும் சொல்லிக்கொடுத்தேன். அவர் முன்னால் போக, நான் தள்ளிப் பின்னால் நடந்தேன். தாலி அறுத்தவள் வெற்றிலைத் தட்டுக்கு முன்னால் வரலாமா? என் வீட்டுக்காரர் செத்த பிறகு என்னை அடுப்பு வேலைக்குக் கூப்பிட்டார்களே தவிர, விசேஷத்துக்கு என்று ஒருவரும் கூப்பிட்டதில்லை. வேதக்காரர்களும்தான்.

முதல் இரண்டு வீட்டில் சாமி திணறினார். அப்புறம் "வரோணுங்க, வரோணுங்க" என்று பிடித்துக்கொண்டார். மாரியம்மன் கும்பிடுகிறவர்களும், அழைத்த பிறகு போகாவிட்டால் மரியாதை இல்லை என்று தேங்காய் பழத்தோடு கிளம்பிவிட்டார்கள். ஒருவர் பந்தி எப்போது என்றுகூட விசாரித்தார். இதற்குள் ஆண்டவர் காரில் வந்து, காலி ஷெட்டில் தன்னந்தனியாக உட்கார்ந்திருந்தார். சாமியையும் காணோம். எஸ்டேட்டுக்கு எந்த வண்டி என்றே யோசித்திருப்பார். அப்போதுதான் தெரு மொத்தமும் உள்ளே வந்தது. இடம் போதாமல் வெளியிலும் நின்றார்கள்.

சாமி இனி மலைக்குப் போக வேண்டியதில்லை என்ற நிம்மதியில் நான் சமையலுக்குத் திரும்பினேன். ஆண்டவருக்குச் சோறு ஆக வேண்டுமே. பருப்பைக் கிளறிக்கொண்டிருந்தபோது அடுப்படி வாசலில் நிழல் தட்டியது. பூசை உடுப்போடு சாமி நின்றார். கையில் அதே தட்டு, அதில் ஒரு ஜோடி வெற்றிலை.

"அம்மணி, நம்ம கோயில்ல பூசைங்க. நீங்க கட்டாயம் வரோணுங்க."

"அடுப்புல பருப்பு இருக்குதுங்க சாமி" என்றேன். அவர் நகரவில்லை. அங்கே ஆண்டவர் காத்திருக்கிறார், தெருவே காத்திருக்கிறது, இவர் தட்டை நீட்டியபடி நிற்கிறார். கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வெற்றிலையை எடுத்தேன். அழுகை வந்துவிட்டது. அடக்கவும் இல்லை.

அன்று பருப்பு அடிப்பிடித்துவிட்டது. ஆண்டவர் ஒரு வார்த்தை சொல்லாமல் சாப்பிட்டார்.