கவிழ்த்துப் போட்ட கல்

பெற்றவர்கள் வைத்த பெயரை அவரே மறந்திருப்பார். தரைக்குக் கல் பதிக்கும் கொத்தனார். முப்பது வருஷமாகச் சட்டைப் பையில் ஒரு சாண் ரசமட்டத்தோடு அலைவதால், ஊருக்கே அவர் ‘ரசமட்டம்’தான். டீக்கடை மேசையில் அதை வைத்துப் பார்ப்பார். குமிழி நடுவில் நிற்காவிட்டால் டீ உள்ளே இறங்காது. கல்யாண போட்டோவை மூன்று முறை நேராக்கினார். நாலாவது முறை கை வைக்கப் போனபோது மனைவி முறைத்த முறைப்பில் அது இன்னும் அரை விரல் சாய்ந்தே தொங்குகிறது.

அந்த ஊர் மண்ணில் முதலில் கால் வைத்தவர்கள் அவருடைய ஆட்கள். பின்னால் வந்தவர்கள், “கொஞ்சம் தள்ளுங்க, இன்னும் கொஞ்சம்” என்று ஓரங்கட்டியே, கடைசியில் ஆற்றோரத்து இடுகாடு ஒன்றை மட்டும் மிச்சம் வைத்தார்கள். அங்கே குழிக்கு ஒரு கல். கல்லில் அந்தக் குடும்பத்துக் குறி. ஆனால் குறி மேலே தெரியாது. கல்லைக் கவிழ்த்துத்தான் போடுவார்கள். படிக்க வேண்டியவர் கீழேதானே இருக்கிறார்.

நகராட்சிக்கு ஒருநாள் மரபின் மேல் காதல் வந்தது. காதல் கடிதம் கொண்டுவந்தது புல்டோசர். வடிகால் தோண்டுகிறேன் பேர்வழி என்று கற்களைப் புரட்டிப் போட்டார்கள். எலும்புகள் அடியிலேயே கிடக்க, கல்லின் அடிப்பக்கம் வெயிலில் பல்லிளித்தது. அதைப் பார்க்க வந்த நகர வடிவமைப்பு நிபுணர் உருகிப்போனார். “இவ்ளோ அழகை இத்தனை நாள் ஒளிச்சு வச்சிருக்காங்களே.”

பிறந்தது திட்டம்: எல்லோரையும் அணைக்கும், பசுமை குன்றாத, பூர்வகுடி மரபைப் போற்றும் சதுக்கம். பசுமைக்காக, நின்ற பதினோரு மரங்களை வெட்டிவிட்டுத் தொட்டிகளில் பதினோரு கன்று வைத்தார்கள்.

எல்லோரையும் அணைக்க வேண்டுமே. கருத்துக் கேட்புக் கூட்டம் போட்டார்கள். ரசமட்டமும், பஸ் விபத்தில் கால் போய்ச் சக்கர நாற்காலியில் வாழும் அவருடைய அக்காவும் போனார்கள். மண்டபத்துக்கு ஏழு படி. சக்கர நாற்காலிக்காரர்களின் வசதி பற்றிப் பேச, அக்காவை இரண்டு பேர் மூட்டை மாதிரித் தூக்கிக்கொண்டு போய் உள்ளே இறக்கினார்கள்.

திரையில், புரட்டிய கல் ஒன்றின் குறி: மூன்று வளைவு, நடுவில் ஒரு புள்ளி. சதுக்கம் முழுக்க ஆயிரத்து இருநூறு கல்லில் இதைத்தான் செதுக்கப் போகிறார்களாம். கழிப்பறைத் தரையிலும்தான். மிஞ்சும் கல் வீணாகக் கூடாதாம்.

“அது எங்கம்மா கல்லுங்க,” என்றாள் அக்கா. “அதை மிதிக்கக் கூடாது.”

“அருமையான உணர்ச்சி. குறிச்சுக்கோங்க,” என்றார் நிபுணர்.

மாதிரிக்கு வைத்திருந்த கல்லில் அக்கா நாற்காலியை ஓட்டிப் பார்த்தாள். முன்சக்கரம் வளைவுக்குள் போய் மாட்டிக்கொண்டது. “பள்ளத்துல சிக்குது சார்.”

“அது பள்ளம் இல்லம்மா. மரபு.”

கூட்டக் குறிப்பில், ‘சமூகத்தினர் கண்ணீர் மல்க வரவேற்றனர்’ என்று ஏறியது. அக்கா அழக்கூட இல்லை.

கல் பதிக்கும் வேலை ரசமட்டத்துக்கே வந்தது. ஒப்புக்கொண்டார். “நான் மாட்டேன்னா இன்னொருத்தன் போடுவான்க்கா. அவன் கோணலா வேற போடுவான்.”

“போடா. அம்மா மூஞ்சி மேல ஊரே நடக்கட்டும். மட்டமா இருந்தா சரிதான் உனக்கு,” என்று நாற்காலியைத் திருப்பிக்கொண்டாள். அதோடு பேச்சு நின்றது.

முதல் கல்லுக்குக் கலவை பரப்பினார். கல்லைத் தூக்கினார். அம்மாவின் குறி அவர் முகத்தைப் பார்த்தது. இயந்திரம் செதுக்கியது, எச்சில் பட்டது போலப் பளபளப்பாக. கல்லைக் கீழே வைத்துவிட்டு ஒரு பீடி பிடித்தார். பிறகு கல்லைக் கவிழ்த்துக் கலவைமேல் இறக்கி, ரப்பர் சுத்தியலால் நாலு தட்டுத் தட்டினார். ரசமட்டத்தை வைத்தார். குமிழி நடுவில் நின்றது.

மீதியும் அப்படியே, கழிப்பறையையும் விடவில்லை. மேலே தெரிந்தது அறுத்த கல்லின் சொரசொரப்பு மட்டும். மேற்பார்வை இன்ஜினீயர் தினமும் வந்தார். அவருடைய கண் கைபேசியை விட்டு இறங்கினால்தானே தரை தெரியும்.

“மட்டமா இருக்கா?”

“கோலிக்குண்டு வச்சா உருளாது சார்.”

கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார். ஒருநாள் ராத்திரி வீட்டில், “கவுத்துட்டேன்க்கா,” என்றார் ரசமட்டம். அக்கா நாற்காலியை அவர் பக்கம் திருப்பினாள். “சாப்பிட்டுட்டுப் படு,” என்றாள். பன்னிரண்டு நாளில் அவள் பேசிய முதல் வார்த்தை.

எங்கோ மரபைப் பற்றிச் சொற்பொழிவாற்றிவிட்டு, திறப்பு விழாவுக்கு முதல்நாள்தான் நிபுணர் விமானம் இறங்கி வந்தார்.

“குறி எங்கய்யா?”

“கீழ இருக்கு சார். பேத்துப் பாக்கலாம். ஆனா உடைஞ்சிடும்.”

நிபுணரின் முகம் வெளிறி, சிவந்து, பிறகு யோசனையில் ஆழ்ந்தது. ரசமட்டம் தன் சுத்தியலைப் பைக்குள் போட்டுக்கொண்டார். இனி இந்த ஊரில் வேலை கிடையாது என்று முடிவு கட்டியாயிற்று.

மறுநாள் மழை தூறியது. ஈரக் கல்லில் யாரும் வழுக்கவில்லை. போட்டோவுக்காக முன்னால் உட்கார வைத்த அக்காவின் நாற்காலி எங்கும் சிக்காமல் ஓடியது. பெரிய மனிதர்கள் தலையாட்டினார்கள். நிபுணர் மைக்கைப் பிடித்தார். “மரபைக் காட்சிப் பொருளாக்காமல், மண்ணோடு பேச விட்டிருக்கிறோம். இந்தச் சிந்தனை எனக்கு ஒரு விடியற்காலையில் வந்தது.” கைதட்டல். விருது வேறு உறுதியாம்.

கீழே இறங்கியவர் ரசமட்டத்தின் தோளில் கை போட்டார். கை ஈரமாக, மிருதுவாக இருந்தது. “மலையடிவாரத்துல இன்னொரு இடுகாடு பாத்து வச்சிருக்கேன். அவங்க கல்லு இதைவிட அருமை. நீங்கதான் வந்து கவுத்துப் போடணும்.”

“அவங்களைக் கேட்டீங்களா சார்?”

“கூட்டம் போட்டாச்சே.”

ரசமட்டம் அந்தக் கையைத் தோளிலிருந்து எடுத்து, கீழே விழுந்த பல்லியை அப்புறப்படுத்துவது போல ஓரமாக விட்டார். “அவங்க கல்லு ஏற்கெனவே சரியாத்தான் கெடக்கும். நான் வர மாட்டேன்.”

ஆற்றுப் பக்க மூலையில் அக்கா நாற்காலியை நிறுத்தியிருந்தாள்.

“அம்மா இங்கதானேடா?”

“ரெண்டு கல்லு தள்ளிக்கா.”

நகர்த்திக்கொண்டாள். “நேரா இருக்கா?”

குனிந்து ரசமட்டத்தை வைத்துக் காட்டினார். நிமிர்ந்தபோது தோளில் அந்தக் கையின் பிசுபிசுப்பு இன்னும் இருந்தது. மறுபடி மேடை ஏறிய நிபுணரின் சிரிப்பு மைக்கில் ஒருமுறை கனைத்தது. வாய் நிறைய எச்சில் ஊறியது. காறித் துப்பத் தலையைத் திருப்பினார். காலடியில் யார் யார் படுத்திருக்கிறார்கள் என்பது நினைவுக்கு வந்தது.

விழுங்கிக்கொண்டார்.