அலமேலு அம்மாளின் மோட்டார்

போன மாதம் ஒரு நாள் காலை, நான் ஆபீசுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது, வாசலில் அலமேலு அம்மாளின் மோட்டார் வந்து நின்றது. ஹாரன் அடிக்கவில்லை. ஓட்டுகிற சர்தார் இறங்கி வந்து, "மாஜி போய்விட்டார், பாபு" என்று ஹிந்தியில் சொல்லிவிட்டுத் தலைப்பாகையைப் பிடித்துக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டார்.

கல்கத்தா காளிகாட்டில் நம்மவர்கள் கூடிய இரங்கல் கூட்டத்தில் பேசியவர்கள் எல்லாரும் அலமேலு அம்மாளை அடக்கமே உருவானவர் என்றார்கள். அத்தனையும் பொய். பன்னிரண்டு வருடத்துக்கு முன் இதே வாய்கள் அவரைப் பற்றி என்ன பேசின என்பது எனக்கு மறக்கவில்லை.

அவர் கணவர் என்னோடு கப்பல் கம்பெனியில் குமாஸ்தா. மூன்றே நாள் ஜுரத்தில் போய்விட்டார். கும்பகோணத்திலிருந்து அவருடைய தம்பி தந்தி அடித்தார்: பத்தாம் நாளுக்கு வருகிறேன், மன்னியையும் குழந்தையையும் நகைகளோடு அழைத்துப்போகிறேன் என்று. அதற்கு அர்த்தம் நம் எல்லாருக்கும் தெரியும். மன்னிக்கு ஆயுசு பூராவும் அவர் வீட்டு அடுப்படி. நகைகள் அவருடைய பெண்களுக்கு. ஏழு வயதுக் கமலத்துக்கு அவர் பார்த்த மாப்பிள்ளை.

ஒன்பதாம் நாள் காலை அம்மாள் என்னைக் கூப்பிட்டனுப்பினார். தாலியைத் தவிர உடம்பில் பொட்டுத் தங்கம் இல்லை. மடியில் ஒரு துணி மூட்டை.

"அண்ணா, பௌபஜார்ல நகைமேல கடன் தராளாமே. உங்க ஆபீஸ் துரை ஊருக்குப் போறதுக்கு முன்னாடி மோட்டாரை விக்கறாராம். அடுத்தாத்து சர்தார் ஓட்டறேங்கறார். வாங்கி வாடகைக்கு விடப்போறேன்."

"தீட்டோட வெளியில போகலாமா? நாளன்னிக்குப் போகலாமே."

"நாளன்னிக்கு இந்த மூட்டை என்கிட்ட இருக்காது."

"வண்டி ரிப்பேராயிட்டா? நகையும் போயிடுமே, அம்மா."

"மச்சினர் கையில குடுத்தா மட்டும் இருக்குமா?"

நான் பயந்துகொண்டேதான் கூடப் போனேன். கடை முதலாளி, ஒரு வங்காளிப் பெரியவர், கையெழுத்துப் போட ஆண்பிள்ளை யாராவது வேண்டும் என்றார். நான் அதை நயமாக, "கொஞ்சம் யோசிக்கிறார்" என்று தமிழில் சொன்னேன். "அவர் சொன்னது எனக்கே புரியறது, அண்ணா" என்ற அம்மாள், பெரியவர் பக்கம் திரும்பி வங்காளியிலேயே கேட்டார்: "நீங்கள் அடகு பிடிப்பது தங்கத்தையா, ஆண்பிள்ளையையா?" பெரியவர் சிரித்துவிட்டுத் தராசை எடுத்தார்.

மறுநாள் நகைகளைக் கழற்ற வந்த பெண்களுக்குத் தாலி ஒன்றுதான் மிச்சமிருந்தது. அதற்கு அம்மாள் வாய்விட்டு அழுதார். அழுகை ஓய்ந்த பிறகு மச்சினர், "மன்னி, நகையெல்லாம் எங்கே?" என்று கேட்டார். அம்மாள் ஈரத்தலையோடு ஜன்னல் வழியே தெருவைக் காட்டினார்.

"அதோ நிக்கறது."

அதன் பிறகு மூன்று வருடம் நம் வீடுகளில் அவருக்குத் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. என் வீட்டிலும்தான், எனக்கு அப்போது வாய் திறக்கத் தைரியம் வரவில்லை. ஆனால் ஹௌரா ஸ்டேஷனுக்குப் போக எல்லாருக்கும் அவருடைய மோட்டார் வேண்டியிருந்தது. அவரும் முகம் கோணாமல் அனுப்பினார். வாடகையில் காலணா குறைத்ததில்லை.

கடனை வட்டியோடு தீர்த்து நகைகளை மீட்டார். கமலத்துக்கு ஒரு நாள் முழுக்கப் போட்டு அழகு பார்த்தார். பழைய வண்டி உயிரை விட்டதும் அதே மூட்டையோடு மறுபடி பௌபஜார் போனார். இப்போது ஓடுகிற மோட்டார் கமலத்தின் பெயரில் வாங்கியது. கமலம் மெடிக்கல் காலேஜில் படிக்கிறாள்.

பதின்மூன்றாம் நாள் முடிந்த மறுநாள் காலை, காரியத்துக்கு வந்திருந்த அதே மச்சினர் என்னைத் தனியாக அழைத்து, "மன்னியோட நகையெல்லாம் எங்கே இருக்கு?" என்று கேட்டார். வாசலில் கமலம் புத்தகங்களோடு மோட்டாரில் ஏறிக்கொண்டிருந்தாள். சர்தார் கதவைச் சாத்தி வண்டியைக் கிளப்பினார். இந்தத் தடவை எனக்கு வாய் திறக்கத் தயக்கமில்லை.

"அதோ, காலேஜுக்குப் போறது" என்றேன்.

அலமேலு அம்மாள் எனக்கு விட்டுப்போன சொத்து அந்தப் பதில் ஒன்றுதான். அதில் யாருக்கும் பங்கு தருவதாக இல்லை.