இறந்த தேதி என்ற கட்டம்

நாளிதழ் அலுவலகத்தின் இரங்கல் விளம்பரப் பிரிவில் அவளுக்கு ஜன்னலோர மேசை. இறந்தவரின் வீட்டார் எதிரே உட்கார்ந்து அழுவார்கள். அவள் படிவத்தை நிரப்புவாள். பெயர், பிறந்த தேதி, இறந்த தேதி. பிறகு மேசைக் கண்ணாடிக்கு அடியில் இருக்கும் இருபது வாசகங்களில் மூன்றைத் தேர்ந்து, எண்களை மட்டும் குறிப்பாள். மற்றதைப் பக்கத்து மேசை டைப்பிஸ்ட் பெண் பார்த்துக்கொள்வாள். அதே அறையில் பிழை திருத்துகிறவன் என்பதால் அந்த எண்கள் எனக்கும் மனப்பாடம்.

ஒரு காலத்தில் அவள் கதை எழுதியவள். கல்யாணத்துக்கு முந்தைய வாரம், வீடு நிறைய உறவினர் இருந்தபோது, அண்ணன் அவளுடைய நோட்டை எடுத்து மூக்கால் வாசித்துக் காட்டினார். வரிக்கு வரி சிரிப்பு. மாப்பிள்ளை வீட்டாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள், அதைத்தான் அவளால் மன்னிக்க முடியவில்லை. அதன்பின் இருபத்திரண்டு வருடம், பேனாவை எடுத்தால் போதும், முதல் வரி முடியுமுன்பே அந்த மூக்குக் குரல் அதை வாசித்துவிடும். அடித்துவிட்டு மூடிவைப்பாள். ஒரு நோட்டும் முதல் பக்கத்தைத் தாண்டவில்லை.

தான் பணி ஓய்வு பெறும் மாதத்தில் அண்ணன் எங்கள் அலுவலகத்துக்கே வந்தார்.

"என்னம்மா, இன்னைக்கு யாரை அனுப்பி வைக்கிறே?"

"சொல்லுங்கண்ணே."

"எனக்கு பிரிவு உபசார மலர் போடுறாங்க. என்னைப் பத்தி ஒரு பக்கம் வேணும். செத்தவனையெல்லாம் மகான் ஆக்குறே, உயிரோட இருக்கிற அண்ணனுக்கு எழுத மாட்டியா? ஒண்ணு மட்டும், உன் பழைய கதை மாதிரி ஆக்கிடாதே, தாயே!"

கடைசி வார்த்தை மூக்கால் வந்தது. டைப்பிஸ்ட் பெண் சிரித்துவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

மதிய இடைவேளையில் அவள் ஒரு படிவத்தை எடுத்தாள். அண்ணன் பெயர், பிறந்த தேதி. கை, பழக்கதோஷத்தில், அடுத்த கட்டத்தில் அன்றைய தேதியைப் போட்டுவிட்டது. அடிக்கப் போனவள் நிறுத்தினாள். தாளைத் திருப்பி, பின்பக்கம் எழுதினாள்: "அண்ணன் இறந்த அன்று காலை எனக்கு நன்றாகப் பசித்தது."

காத்திருந்தாள். யாரும் மூக்கால் வாசிக்கவில்லை.

நான்கு மதியங்களில் பதினொரு பக்கம். என்னிடம் படிக்கத் தந்தாள். எனக்கு எளிதில் எதுவும் பிடிக்காது. உவமை அதிகம், முடிவில் அவசரம். ஆனால் கதையில் வரும் அண்ணன் யாரையாவது மட்டம் தட்டியதும் சட்டைப் பொத்தானைத் தொட்டுப் பார்த்துக்கொள்ளும் இடத்தை இரண்டு முறை படித்தேன். வெறுப்பு இவ்வளவு கவனமாகப் பார்க்கும் என்று நான் படித்த எந்தத் தத்துவப் புத்தகமும் எனக்குச் சொன்னதில்லை.

"இதையா அவருக்குக் கொடுக்கப் போறீங்க?"

"இதையா? இது என்னோடது. அவருக்கு மூணு, எட்டு, பதினாலு."

விழாவில் அண்ணன் தன் பக்கத்தைத் தானே மேடையில் வாசித்தார். "எளியோருக்கு நிழலாக இருந்தவர்..."

"அக்கா, மூணு!" என்று டைப்பிஸ்ட் பெண் அவளுடைய முழங்கையைக் கிள்ளினாள்.

"பழகியவர் நெஞ்சில் என்றும் வாழ்பவர்..."

"எட்டு! ஐயோ அக்கா, என்னால முடியல."

"இவர் விட்டுச் செல்லும் வெற்றிடத்தை நிரப்ப எவராலும் இயலாது" என்ற இடத்தில் அவர் குரல் உடைந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவள் கை வலிக்கும்வரை தட்டினாள்.

"நீ இப்படி எழுதுவேன்னு நான் நினைக்கலம்மா. ஃப்ரேம் போட்டு மாட்டப் போறேன்."

"மாட்டுங்கண்ணே. வெளிச்சமான இடமா பாத்து மாட்டுங்க."

திங்கட்கிழமை புது நோட்டைத் திறந்தாள். முதல் வரி பாதியில் இருக்கும்போதே மூக்குக் குரல் திரும்பி வந்தது. பழி தீர்ந்ததோடு எழுத்தும் தீர்ந்துவிட்டதோ என்று அவள் முகம் வெளிறியதை நான் பார்த்தேன். இந்த முறை அவள் வரியை அடிக்கவில்லை. படிவக் கட்டிலிருந்து ஒன்றை உருவி, மூன்று கட்டங்களையும் நிரப்பி, நோட்டுக்கு அடியில் வைத்தாள். எழுதினாள்.

இப்போது மூன்றாவது நோட்டு ஓடுகிறது. அண்ணன் எழுபது தடவைக்கு மேல் இறந்துவிட்டார். ஆள் கல்லு மாதிரி இருக்கிறார், தினம் நடைப்பயிற்சி. அவர் உடம்பைப் பற்றி அவளும் அக்கறையாகத்தான் விசாரிக்கிறாள்.

"நல்லா இருக்கட்டும் சார்," என்கிறாள். "நாளைக்கும் எழுதணும்ல?"