மாங்காய் போட்ட பதநீர்

வண்டி சிவதாபுரத்தை நெருங்கும்போதுதான் பதநீர்க் குடத்தின் வாயில் கட்டியிருந்த துணி மெல்ல உப்புவதைப் பார்த்தேன். வண்டி ஆட்டத்தில் அப்படித் தெரிகிறது என்று முதலில் நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் துணியோரமாக நுரை கசிந்து என் புடவையில் சொட்டியது. மோந்து பார்த்தேன்.

“அண்ணி, இது கள்ளு வாசமாட்டம் அடிக்குதுங்க.”

அண்ணி சாரதாமணி குனிந்து மோந்தாள். முகம் வெளுத்துவிட்டது. முன்னால் மாட்டை ஓட்டிக்கொண்டிருந்த என் அண்ணன் தண்டாயுதபாணி திரும்பிப் பார்த்தார். அவருக்கும் வாசம் எட்டியிருக்கும்.

சேலம் ஜில்லாவில் மதுவிலக்கு வந்த பிறகு அதுதான் முதல் கோடை. கள்ளு கையில் இருந்தாலே போலீஸ் கச்சேரிதான். அதிலும் அண்ணன் யார்? பள்ளிக்கூடத்தில் சித்திர வாத்தியார். குடிகாரன் வீட்டுப் பிள்ளைகள் பட்டினி கிடக்கிற படத்தைப் பள்ளிச் சுவரில் ஆள் உயரத்துக்கு எழுதியவர். அப்பேர்ப்பட்ட மனுஷர் கள்ளுக் குடத்தோடு பிடிபட்டால் வேலை போகும், எங்கள் அம்மாபேட்டை நெசவுத் தெருவே கூடி நின்று சிரிக்கும்.

எல்லாம் இந்தப் புருஷன் பெண்டாட்டியின் ஞாயிற்றுக்கிழமைப் பைத்தியத்தால் வந்த வினை. வாரம் முழுக்க இரண்டு பேரும் அடுப்படியில் தலையோடு தலை முட்டிக்கொண்டு புதுசாக ஏதாவது செய்வார்கள். கம்பு மாவில் முறுக்கு பிழிவார்கள், கொள்ளில் வடகம் போடுவார்கள். ஞாயிறானால் அதைக் கட்டிக்கொண்டு மேட்டூர் அணைக்கோ பள்ளிபாளையம் ஆற்றங்கரைக்கோ கிளம்பிவிடுவார்கள். அண்ணன் உட்கார்ந்து படம் எழுதுவார், அண்ணி பக்கத்தில் கல்லடுப்பு மூட்டுவாள். ஆம்பிளை அடுப்படியில் என்ன பண்ணுகிறான் என்று தெருவில் கேட்காத வாய் இல்லை. கேட்டவர்களை இவர்கள் மதித்ததும் இல்லை.

அந்த வாரம் கஞ்சமலை அடிவாரத்தில் பதநீர்ப் பொங்கல் வைப்பதாக ஏற்பாடு. போன தடவை வைத்தபோது சுண்ணாம்பு காறியது என்று அண்ணிக்கு ஒரே குறை. பனைமரத்தில் கட்டும் கலயத்தில் சுண்ணாம்பு தடவினால்தான் இறங்கும் சாறு புளிக்காமல் பதநீராக நிற்கும். தடவாவிட்டால் அதே சாறு கள்ளு. இது மரம் ஏறுகிறவர்களுக்குத் தெரியும். தறிக்காரர் வீட்டில் பிறந்த இவர்களுக்கு எங்கே தெரியும்? அவர்களுக்குச் சுண்ணாம்பு வெறும் அழுக்கு. சனிக்கிழமை வாங்கிய பதநீரில் புளிப்பு மாங்காயை அரிந்து போட்டு, சுண்ணாம்பை முறித்து, தெளியவைத்து, வெள்ளைத் துணியில் இரண்டு தடவை வடிகட்டி, கண்ணாடி போல ஆக்கிவிட்டார்கள். ராத்திரி முழுக்க அது புளித்திருக்கிறது.

“கொட்டிரலாமுங்க,” என்று அண்ணி துணியை அவிழ்க்கப் போனாள்.

“அவுக்காத சாரதா. முன்னால பாரு.”

புளியமரத்தடியில் மூன்று போலீஸ்காரர்கள் நின்றிருந்தார்கள். ஒருவர் ஏற்கெனவே கையை நீட்டிவிட்டார். மாடு தானாகவே நின்றது.

அவர்களில் மூத்தவரான ஏட்டு வண்டிக்குப் பின்பக்கம் வந்தார். குடத்தைப் பார்க்கக்கூட வேண்டியதில்லை, மூக்கு இருந்தால் போதும். துணியை விலக்கினார். நுரை பொங்கி அவர் விரலில் வழிந்தது. பிறகுதான் அண்ணனின் முகத்தை நன்றாகப் பார்த்தார்.

“பள்ளிக்கூடச் செவுத்துல படம் எழுதுன வாத்தியாருங்களா நீங்க?”

“ஆமாங்க.”

ஏட்டுக்கே சங்கடமாகிவிட்டது. மற்ற இருவரையும் தள்ளி நிற்கச் சொன்னார். நடந்ததை அண்ணி ஒன்றுவிடாமல் சொன்னாள். பொங்கலுக்கு வைத்திருந்த அரிசியையும் பருப்பையும் அவிழ்த்துக் காட்டினாள். அவர் நம்பினார் என்றுதான் நினைக்கிறேன்.

“நான் உட்டாலும் இந்த ரெண்டு பேரும் பாத்துட்டாங்க. யாரு பேரையாச்சும் எழுதித்தான் ஆகோணும். உங்க பேர எழுதுனா உத்தியோகம் போயிருமுங்க. இந்த அம்மா பேர எழுதுனா, தெரியாமப் பண்ணிட்டாங்கன்னு எச்சரிச்சு உட்டுருவாங்க. நீங்களே சொல்லுங்க, யாரு பண்ணுனது?”

அண்ணன் மாட்டுத் தும்பைக் கையில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தார். எனக்கு வந்த கோபத்தில் அவர் முதுகில் ஓங்கி ஒன்று வைக்கலாம் போலிருந்தது. வேலைக்காகப் பெண்டாட்டியைக் காட்டிக்கொடுக்கப் போகிறாரே என்று பதறினேன். வேலை போனால் வீட்டில் உலை ஏறாதே என்றும் பதறினேன். இரண்டில் எதை வேண்டிக்கொள்வது என்று எனக்கே தெரியவில்லை.

அண்ணி முந்திக்கொண்டாள். “என்ற பேர எழுதிக்குங்க சாமி. சாரதாமணி.”

ஏட்டு பென்சிலை எடுத்தார்.

“இருங்க,” என்றார் அண்ணன். வண்டியிலிருந்து இறங்கினார். “மாங்கா அரிஞ்சு போட்டது நானுங்க. வடிகட்டுனதும் நான்தான். என்ற பேர எழுதுங்க.”

அது பொய்யில்லை. சனிக்கிழமை அரிவாள்மனையில் உட்கார்ந்து அரிந்தவர் அவர்தான். ஆனால் யோசனை அண்ணியுடையது, அதை அவர் சொல்லவில்லை. அண்ணி குறுக்கே பேச வாயெடுத்தாள். அவர் ஒரு பார்வை பார்த்தார், அடங்கிவிட்டாள்.

கோர்ட்டில் அபராதத்தோடு விட்டார்கள். பள்ளிக்கூடத்தில் விடவில்லை. புது வாத்தியார் வந்துவிட்டார். அண்ணன் பங்காளி வீட்டுத் தறியில் கூலிக்கு உட்கார்ந்தார். பென்சில் பிடித்த விரல், தறி நாடாவைத் தள்ளித் தள்ளிக் கொப்புளம் கட்டிப் போயிற்று.

அண்ணி அழவில்லை. ஒரு நாள் அவர் கைக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தவள் கேட்டாள்:

“ஏனுங்க, என்ற பேரச் சொல்லியிருந்தா வேலையாச்சும் மிஞ்சியிருக்குமே. என்னைய எச்சரிச்சு உட்டிருப்பாங்க, அவ்வளவுதானே?”

“அப்பறம் தெனமும் பள்ளிக்கூடத்துக்குப் போயி, அந்தச் செவுத்து முன்னால நின்னுக்கிட்டு, நான் அந்தப் பசங்களுக்கு என்னத்தச் சொல்லித் தரது சாரதா?”

அதற்குப் பிறகுதான் அண்ணி அழுதாள். முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்க அழுதாள். அடுப்பில் உலை பொங்கி வழிந்தது. அண்ணன் எழுந்து போய், எண்ணெய்க் கையோடு சோற்றை இறக்கி வைத்தார்.