காருக்குள் குதிரை வாடை

எங்களிடம் இரண்டு குதிரைகள் இருந்தன. ஒன்று செவலை. பந்தயத்தில் ஓடி, காலில் அடிபட்டு, இனி ஓடாது என்று ஆன பிறகு எங்களிடம் வந்தது. மற்றது வெள்ளை மட்டக்குதிரை. எத்தனை பிள்ளைகளை ஏற்றி இறக்கினாலும் முகம் சுளிக்காது. எங்களிடம் என்றால் எனக்கும் என் மச்சானுக்கும். அவன் என் மனைவியின் அண்ணன். நானுஓயாவுக்குக் கீழே ஒரே தேயிலைத் தோட்டத்தில், ஒரே லயத்து வரிசை வீடுகளில் பிறந்து வளர்ந்தவர்கள் நாங்கள். நான் அவன் தங்கையைக் கட்டுவதற்கு முன்பே ஒருவரை ஒருவர் மச்சான் என்றுதான் கூப்பிட்டோம். தோட்ட வேலைக்குப் பேர் பதியாமல் நுவரெலியா டவுனுக்கு வந்ததும், குதிரைக்காரர்களிடம் கூலிக்கு நின்றதும், பிறகு சொந்தமாக வாங்கியதும் எல்லாம் சேர்ந்துதான்.

கார் மட்டும் என்னுடையது. கட்டாரில் டிரைவராக இருந்துவிட்டு வந்து எடுத்த சின்ன ஜப்பான் கார். காலையிலும் மாலையிலும் குதிரைகளை நான் பார்ப்பேன். பகலில் மச்சான் அவற்றை வாவிக்கரையில் சவாரி விடுவான். அந்த நேரத்தில் நான் நானுஓயா ஸ்டேஷனுக்குப் போய், ரயிலில் வருகிற ஆட்களை ஏற்றிக்கொண்டு டவுனுக்கு வருவேன். மேட்டுத் தெருவில் கெஸ்ட் ஹவுஸ் நடத்திய ஒரு சிங்கள அம்மா, நாங்கள் நோனா என்போம், தன் விருந்தாளிகளை எல்லாம் எனக்கே தந்தார். வீட்டில் அடுப்பெரிந்தது பெரும்பாலும் அந்த ஹயர் ஓட்டத்தில் வந்த காசில்தான்.

குதிரையும் காரும் ஒரே ஆளிடம் இருந்தால் என்ன பாடு என்று அதைச் செய்து பார்த்தவனுக்குத்தான் தெரியும். மாட்டு வாடை ஒரு கழுவலில் போய்விடும். குதிரையின் வியர்வை அப்படியில்லை. சேணத்துக்குக் கீழே போடுகிற கம்பளியை ஒருநாள் டிக்கியில் வைத்தால் போதும், ஒரு வாரத்துக்குக் கார் குதிரையாகவே இருக்கும். தவிட்டு மூட்டையிலிருந்து உதிர்கிற தூள் சீட்டுக்கு அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். ஈரம் பட்டால் புளிக்கும். பனிக்காலம் முடிகிற நேரத்தில் குதிரை முடி கொட்டும். சரியாக ஏப்ரல் சீசனுக்கு ஆட்கள் வரப்போகிற நேரம் அது. முடி சீட்டுத் துணியில் ஊசி மாதிரி குத்திக்கொண்டு நிற்கும், தட்டினால் வராது. வெள்ளைக்கு வேறொரு பழக்கம். குதிரைக் கொட்டகை வாசலில் காரை நிறுத்தினால் வந்து கண்ணாடியை நக்கும். அந்த எச்சில் காய்ந்தால் சவர்க்காரத்துக்கும் அசையாது.

இதோடு எங்கள் ஊரின் மூடுபனி. கழுவுவது பெரிய வேலை இல்லை, காய வைப்பதுதான் வேலை.

முதல் தடவை நோனா சொன்னபோது சிரித்துக்கொண்டேதான் சொன்னார். "மல்லி, கோபிக்காதே. காரில் குதிரை வாடை அடிக்கிறது. விருந்தாளிகளுக்குச் சங்கடம்." மல்லி என்றால் சிங்களத்தில் தம்பி. எனக்கு முகமெல்லாம் சுட்டது. அன்றைக்கே மச்சானிடம் சொன்னேன்.

"அடிக்கத்தானே செய்யும்" என்றான் அவன். "புல்லு, தவிடு, சேணம் எல்லாம் அதுலதானே வருது. நல்லாக் கழுவு மச்சான். நானும் வர்றேன்."

வந்தான். அதைத்தான் என்னால் இன்னும் மறக்க முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்து, என்னோடு சேர்ந்து சீட்டுகளைக் கழற்றி வெளியே வைத்தான். குழாயைப் பிடித்துத் தண்ணீர் அடித்தான். தரையில் ஒட்டியிருந்த விரிப்பைக் கிழித்து எறிந்துவிட்டு ரப்பர் போடச் சொன்னதும் அவன்தான். முடி எடுப்பதற்கு ரப்பர் கையுறையை நனைத்து ஒரே பக்கமாக இழுத்தால் திரண்டு வரும் என்று நான் கண்டுபிடித்தபோது, "மூளைக்காரன்டா நீ" என்று தோளில் தட்டினான்.

அதற்குப் பிறகு நான் ஒரு முறை வைத்துக்கொண்டேன். கொட்டகைக்குப் போகிற பூட்ஸை மூடி போட்ட வாளிக்குள் வைத்து மூடினேன். சேணமும் கம்பளியும் காரில் ஏறுவதே இல்லை. தவிட்டை ஆட்டோவில் கொண்டுவந்தேன். குதிரை வேலை முடிந்ததும் குளித்து வேறு சட்டை போடாமல் கார்க் கதவைத் தொடமாட்டேன். காலைக் குளிரில் அந்தத் தண்ணீர் எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. சீட்டை வினிகர் கலந்த தண்ணீரால் துடைத்தேன். மச்சான் ஒரு தகர டின்னில் கோப்பித்தூளைக் கொண்டுவந்து, "மூடாம சீட்டுக்குக் கீழ வை, வாடையை இழுத்துரும்" என்றான். வைத்தேன். வெள்ளிக்கிழமைகளில் மனைவி சாமி படத்துக்குக் காட்டிய சாம்பிராணியைக் கொண்டுவந்து காருக்குள்ளும் காட்டினாள். ஒரு வெள்ளைக்காரி ஏறி உட்கார்ந்து மூச்சை இழுத்துவிட்டு, இந்தக் கார் கோயில் மாதிரி மணக்கிறது என்றாள். அன்று எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

ஆனால் நோனா நிறுத்தவில்லை. இரண்டாம் தடவை சிரிப்பில்லாமல் சொன்னார். மூன்றாம் தடவை சொல்லக்கூட இல்லை. கூப்பிடுவது குறைந்தது. நேரில் கண்டால், இந்த வாரம் ஆட்கள் இல்லை என்பார். ஸ்டேஷனில் பார்த்தால் ரயில் நிறைந்து வரும்.

எனக்கு என் மூக்கின் மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. சின்ன வயதிலிருந்து குதிரையோடு கிடப்பவனுக்கு அந்த வாடை தெரியாமல் போயிருக்கும் என்று நினைத்தேன். மனைவியைக் கூப்பிட்டு, கார்க் கதவைத் திறந்து, "கொஞ்சம் மோந்து பாரு" என்பேன். அவள் தலையை உள்ளே விட்டுவிட்டு, "தெரியலங்க" என்பாள். என் தலைமுடியை மோந்து பார்க்கச் சொல்வேன். சட்டைக் கழுத்தை நீட்டுவேன். "ஒண்ணும் இல்லங்க, விடுங்க" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவாள். நான் மறுபடியும் வாளியை எடுப்பேன்.

ஒருநாள் ஸ்டேஷனில் ஹயர் கிடைக்காமல் காரின் மேல் சாய்ந்து நின்றேன். பதுளை போகிற ரயில் வந்து நின்றது. ஆட்கள் இறங்கி வாசலுக்கு வந்தார்கள். வாசலில் அட்டையைப் பிடித்துக்கொண்டு மச்சான் நின்றான். அட்டையில் நோனாவின் கெஸ்ட் ஹவுஸ் பெயர். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. அவனுக்குப் பின்னால், கதவு திறந்தபடி ஒரு வேன்.

என்னைப் பார்த்தான். அட்டையைக் கீழே இறக்கினான், பிறகு வேறு வழியில்லாமல் மறுபடி தூக்கினான். இரண்டு பேர் அவனை நோக்கி வந்துவிட்டார்கள். அவர்களுடைய பைகளை வாங்கிக்கொண்டே, "இன்னைக்கு மட்டுந்தான் மச்சான். தெரிஞ்ச பையன் வேன். அவனுக்கு முடியல, என்னையப் போகச் சொன்னான்" என்றான். வேன் போனது. அதன் கண்ணாடியில் எங்கள் லயத்துக் கோயிலின் முனியாண்டி படம் ஒட்டியிருந்தது. தெரிந்த பையன் வேனில் அந்தப் படம் இருக்காது. வேன் மச்சானுடையதுதான்.

நேராக மேட்டுத் தெருவுக்குப் போனேன். நோனா வாசலில் ரோஜாச் செடிக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தார். நான் சண்டைக்குப் போகவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். "எந்த விருந்தாளி நோனா வாடை அடிக்குதுன்னு சொன்னது? ஒரு ஆளைச் சொல்லுங்க. நான் மன்னிப்புக் கேட்கணும்."

அவர் கையிலிருந்த மண்ணைத் தட்டினார். பொய் சொல்லத் தெரியாத மனுஷி. "விருந்தாளி யாரும் சொல்லவில்லை மல்லி" என்றார். "உன் மச்சான்தான் வந்து சொன்னார். ஆட்கள் மரியாதைக்காக என்னிடம் சொல்லமாட்டார்கள், வெளியே போய்ச் சொல்வார்கள், என் கெஸ்ட் ஹவுஸ் பெயர்தான் கெடும் என்றார். நான் அதுவரை கவனித்ததில்லை. அவர் சொன்ன பிறகு எனக்கும் அடித்தது."

"இப்பவும் அடிக்குதா?"

அவர் கேட்டைத் திறந்து வந்து, காருக்குள் தலையை விட்டுப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். "வினிகர் அடிக்கிறது" என்றார். பிறகு, "எப்பவோ ஒரு பிள்ளை, அந்த மாமாவிடம் குதிரை இருக்கிறதா என்று ஆசையாகக் கேட்டது. அவ்வளவுதான்" என்றார். என் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். உள்ளே வந்து தேத்தண்ணி குடித்துவிட்டுப் போகச் சொன்னார். நான் போகவில்லை.

மாலையில் கொட்டகையில் மச்சான் செவலையை பிரஷ்ஷால் தேய்த்துக்கொண்டிருந்தான். வெள்ளைச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டியிருந்தான். நான் வந்த விதத்திலேயே அவனுக்குத் தெரிந்துவிட்டது. தேய்ப்பதை நிறுத்தவில்லை.

"நோனாகிட்ட இருந்துதான் வர்றேன்" என்றேன்.

"நான் பொய் ஒண்ணும் சொல்லலையே. அடிச்சது உண்மைதானே."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"உன்கிட்ட என்னன்னு சொல்றது? உன் ஹயரை எனக்குக் குடுன்னா?" பிரஷ்ஷைக் கீழே வைத்தான். "நீ ஸ்டேஷனுக்குப் போய் வர்ற, குளிச்சு சட்டை மாத்துற. நான் பொழுதுக்கும் மழையில கயித்தைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறேன். வீட்டுக்குப் போனா என் புள்ளைங்களே பக்கத்துல வராதுங்க. அந்த வாடை எனக்கு மட்டும் ஒட்டணுமா?"

அவன் சொன்னதில் ஒன்றும் பொய்யில்லை. வாவிக்கரையில் அவன் நனைந்து நின்றதை நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் எனக்கு அது எதுவும் அப்போது பெரிதாகப் படவில்லை.

"கோப்பித்தூள் கொண்டாந்தியே, எதுக்கு?" என்று கேட்டேன்.

அவன் செவலையின் கழுத்தைத் தடவிக்கொண்டு நின்றான். "விடு மச்சான்" என்றான் கடைசியில். "ரெண்டு பேருக்கும் ஹயர் இருக்கும். சீசன் வரட்டும்."

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் லீக்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். திடுக்கிடுவாள், அண்ணனைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தி நிற்கவே இல்லை.

"உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"எப்ப இருந்து?"

"வேன் எடுக்குறதுக்கு முன்னாடியே அண்ணி சொன்னாங்க. அண்ணன் நோனாகிட்ட பேசியிருக்காருன்னு. ஒங்ககிட்ட சொன்னா ரெண்டு பேரும் அடிச்சுக்குவீங்க. குதிரையும் போகும், ஒறவும் போகும். கொஞ்ச நாள்ல அவராவே சொல்லிருவாருன்னு நெனச்சேன்."

"நான் ஒவ்வொரு நாளும் குளிருல அந்தக் காரைக் கழுவினேனே. ஜன்னல்ல நின்னு பார்த்துக்கிட்டுத்தானே இருந்த?"

"பார்த்துக்கிட்டுத்தான் இருந்தேன்." இப்போதுதான் நிமிர்ந்தாள். கண் கலங்கியிருந்தது. "எத்தன தடவ விடுங்க விடுங்கன்னு சொன்னேன். நீங்க விட்டாத்தானே."

மோந்து பார்க்கச் சொன்னபோதெல்லாம் அவள் தலையை உள்ளே விட்டதையும், சாம்பிராணிப் புகையை ஒவ்வொரு சீட்டுக்கும் கையால் தள்ளிவிட்டதையும் நினைத்தேன். அண்ணன் செய்ததைவிட அதுதான் எனக்கு வலித்தது. அவன் ஆசைப்பட்டான், செய்தான். இவள் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள்.

சாப்பிட்டேன். அடுத்த நாள் வழக்கம்போல எழுந்து கொட்டகைக்குப் போனேன்.

வேன் ஓட ஆரம்பித்த பிறகு மச்சானுக்குக் குதிரைகளுக்கு நேரம் இல்லாமல் போனது. ஒரு வார்த்தையும் பேசாமலேயே அவை என் பொறுப்பாகிவிட்டன. பகலில் இப்போது வாவிக்கரையில் நான்தான் நிற்கிறேன். நோனா இரண்டு தடவை ஆள் அனுப்பினார், பழையபடி ஹயர் தருவதாக. நான் வேண்டாம் என்று சொல்லியனுப்பினேன். அவர் மேல் எனக்குக் கோபமில்லை. அந்த வாசலில் மறுபடி காரை நிறுத்தினால், இறங்குகிற ஒவ்வொருவரின் மூக்கையும் பார்த்துக்கொண்டிருப்பேன் என்று எனக்குத் தெரியும்.

கார் தோட்டத்து ஆட்களுக்கு ஓடுகிறது. ஆஸ்பத்திரிக்கு, கல்யாணத்துக்கு, வட்டகொடைப் பக்கம் எழவு வீட்டுக்கு. நனைந்த கம்பளியோடு, ஈரக் கூடையோடு ஏறுகிறார்கள். யாரும் எதையும் மோந்து பார்ப்பதில்லை. ஒருநாள் வயிற்றுப் பிள்ளையோடு ஏறிய ஒரு பெண் வளைவுகளில் சீட்டெல்லாம் வாந்தி எடுத்துவிட்டு, கொத்மலை வரைக்கும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே வந்தாள். "கழுவினா போயிரும்மா" என்றேன். கழுவினேன், போய்விட்டது.

போன மாதம் மச்சானின் மூத்த மகள் பெரிய பிள்ளையானாள். மனைவி அத்தை முறைக்கு, தாய்மாமன் வீட்டார் செய்கிற மாதிரி எல்லாம் வாங்கித் தட்டு வரிசை கட்டினாள். நான் அவளை ஏற்றிக்கொண்டு போய் வாசலில் இறக்கிவிட்டுக் காரிலேயே இருந்தேன். மச்சான் வெளியே வந்தான். வேட்டி கட்டியிருந்தான். ஜன்னலுக்குப் பக்கத்தில் குனிந்து, "எறங்கி வா மச்சான். ஆளுங்க பார்க்குறாங்க" என்றான்.

இறங்கினேன். பிள்ளைக்கு ஆசீர்வாதம் செய்தேன். அது என் கையைப் பிடித்துக்கொண்டு, "மாமா, வெள்ளை எப்படியிருக்கு?" என்று கேட்டது. நல்லாயிருக்கு என்றேன். பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டேன். சமையல் நன்றாக இருந்தது. மச்சானே பாயாச வாளியோடு வரிசையில் வந்தான். என் இலைக்கு முன்னால் வந்து குனிந்தபோது, கையை நீட்டி இலையை மறைத்தேன். அவன் வாளியோடு அடுத்த இலைக்குப் போனான்.

திரும்பி வருகிற வழியில் மனைவி, யார் யார் வந்தார்கள், என்ன சீர் வைத்தார்கள் என்று சொல்லிக்கொண்டே வந்தாள். நான் ம் போட்டுக்கொண்டு வந்தேன். அன்று காலையில் ஒரு ஆள் வந்து செவலையை விலைக்குக் கேட்டிருந்தான். முன்பென்றால் அதை முதலில் அவளிடம்தான் சொல்லியிருப்பேன். சொல்லவில்லை. கண்ணாடியில் பனி ஏறிக்கொண்டிருந்தது. எப்போதும் அவளிடம் நீட்டுகிற துணியை எடுத்து நானே துடைத்துக்கொண்டு ஓட்டினேன்.