பாவம் பார்த்து ஏரியில் விட்ட மீன்கள்

சாப்பிடுகிற மீனை விற்றால் வியாபாரம் அன்றைக்கே குழம்போடு முடிந்துவிடும். வளர்க்கிற மீனை விற்றால் அது சாகிற வரைக்கும் ஆட்கள் நம்மைத் தேடி வந்துகொண்டே இருப்பார்கள். செஞ்சியில் வண்ண மீன் கடை வைத்திருக்கிறேன். இதே தொழிலில் மாட்டிக்கொண்டிருக்கும் சகோதரர்களுக்கு நான் புதிதாக எதுவும் சொல்லப்போவதில்லை. 'மீன் கண்ணை மூடவே மாட்டேங்குது, உடம்பு சரியில்லையா' என்று காலை ஆறு மணிக்கு போன் செய்யும் கஸ்டமர் உங்களுக்கும் இருப்பார். மீன் செத்துப்போனால் வரும் சண்டைகளை நாம் எல்லோரும் பார்த்தாயிற்று. நான் சொல்ல வந்தது, மீன் சாகாமல் போனதால் எனக்கு வந்த வினை.

டேங்க் கிளீனர்

தொட்டிக் கண்ணாடியில் வாயை ஒட்டிக்கொண்டு பாசியைச் சுரண்டித் தின்னும் கறுப்பு மீனை உங்களுக்குத் தெரியும். தென் அமெரிக்க ஆறுகளில் பிறந்த ஜாதி. உடம்பெல்லாம் தகரம் அடித்த மாதிரி ஓடு, முதுகிலும் பக்கத்திலும் முள். சக்கர் என்று சொல்லி வாங்குகிறோம், டேங்க் கிளீனர் என்று சொல்லி விற்கிறோம். விற்கும்போது சுண்டுவிரல் அளவுதான் இருக்கும். முழங்கை நீளத்துக்கு வளரும் என்பதை மட்டும் நாம் சொல்வதில்லை. சொன்னால் யார் வாங்குவார்கள்?

தாலுகா ஆபீசில் வேலை பார்க்கும் ஒருவர் ஒன்று வாங்கிப்போனார். ஒன்றரை வருஷம் கழித்து வந்தார். அது தொட்டியில் திரும்பக்கூட முடியாமல் கிடக்கிறதாம், கொல்லவும் மனசு வரவில்லையாம். எல்லோருக்கும் சொல்கிற பதிலையே அவருக்கும் சொன்னேன்: பெரிசாயிட்டா ஏரியில விட்டுடுங்க சார். அடுத்த வாரம் செல்போனில் வீடியோ காட்டினார். வல்லம் பக்கத்து ஏரிக்கரையில் குடும்பமே நல்ல துணி உடுத்திக்கொண்டு நிற்கிறது. சின்னப் பெண் பக்கெட்டைக் கவிழ்க்கிறாள், எல்லோரும் மீனுக்குக் கையாட்டுகிறார்கள். போனை சட்டைப்பையில் போட்டுக்கொண்டே சொன்னார்: "பொண்ணு ரெண்டு நாளா சரியா சாப்டல சார். ஆனா ஒரு உயிர காப்பாத்தினோம்னு நிம்மதியா இருக்குது."

ஆமைக்கு வந்த கேஸ்

கோட்டை மலைப்பக்கம் ஆடு மேய்க்கும் அம்மா ஒருவர் கூடையோடு கடைக்கு வந்தார். உள்ளே ஓடு முழுக்க மஞ்சள் கோடு போட்ட நட்சத்திர ஆமை ஒன்று. என் கடைத் தொட்டியில் 'வாஸ்து ஆமை' என்ற அட்டையோடு மூன்று அமெரிக்க ஆமைகள் நீந்துவதை, பஸ்ஸுக்கு நின்றபோது பார்த்திருக்கிறார். இதையும் வாங்கிக்கொள் என்றார்.

நான் பதறிப்போனேன். இது அழிந்துகொண்டிருக்கிற இனம், வைத்திருந்தாலே ஃபாரஸ்ட்காரர்கள் கேஸ் போட்டு உள்ளே தள்ளிவிடுவார்கள், எடுத்த புதரிலேயே விட்டுவிடுங்கள் என்றேன். அது பழத்தைத் தின்று போகிற இடமெல்லாம் விதை போடுகிறது, மலையில் செடி முளைப்பதில் அதற்கும் பங்கு உண்டு என்று எங்கேயோ படித்ததையும் சேர்த்து அளந்தேன். அந்த அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, கண்ணோரம் சிவப்புக் கோடு போட்ட என் ஆமைகளைப் பார்த்தார். கூடையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். "இங்கியே பொறந்தத வச்சிருந்தா கேஸு, எங்கருந்தோ வந்தத வச்சிருந்தா வாஸ்து. நல்லா இருக்குது தம்பி உங்க நாயம்."

பொட்டு வைத்த மீன்

என் தொட்டிகளில் அழகுக்குப் போட வாரம் ஒருமுறை வேலம்பாசிக் கொடி கொண்டுவந்து கொடுப்பவர் ஏழுமலை அண்ணன். வல்லம் பக்கத்து அதே ஏரியில் வலை போடுகிறவர். விரால், குறவை, கெளுத்தி என்று அவர் பிடிப்பதை அவர் மனைவி அவலூர்பேட்டையில் விற்றுவிட்டு வருவார். அந்த ஏரிதான் அவர்களுக்குச் சோறு. பாசியோடு சில சமயம் நெற்றியில் வெள்ளிப் பொட்டு வைத்த சின்ன மீன்களும் வந்துவிடும். கொசுப்புழுவைக் கண்டால் விடாது. அவற்றைத் தனித் தொட்டியில் விட்டு அழகு பார்த்தேன்.

ஒரு டீச்சர் அந்தத் தொட்டி முன்னாலேயே பத்து நிமிஷம் நின்றார். எந்த ஊர் மீன் என்று கேட்டார். நம்ம ஏரி மீன்தான் டீச்சர் என்றேன். முகம் தொங்கிப்போயிற்று. "அட போங்க சார், நான் ஜப்பான்னு நெனச்சேன்."

தெரியல

ஐப்பசி மழைக்குப் பிறகு ஒருநாள் ஏழுமலை அண்ணன் பாசியில்லாமல் வந்தார். பையிலிருந்து முழங்கை நீளத்தில் ஒரு கறுப்பு மீனை எடுத்து மேஜைமேல் போட்டார். முள்ளை விரித்துக்கொண்டு வலையில் சிக்கியதாம், வலையை அறுத்துத்தான் எடுக்க முடிந்ததாம். "எங்க நைனா காலத்துலருந்து அந்த ஏரியில கெடக்கிறேன், இத பாத்ததில்ல. இன்னா மீனு தம்பி இது?"

அவருக்குப் பக்கத்துத் தொட்டியில் அதே ஜாதி, சுண்டுவிரல் அளவில், வரிசையாகக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டிருந்தது. நான் நகர்ந்துபோய் அந்தத் தொட்டியை மறைத்துக்கொண்டு நின்றேன். தெரியலண்ணா, வெள்ளத்துல எங்கருந்தாவது வந்திருக்கும் என்றேன். எனக்கே அசிங்கமாக இருந்தது. அவர் அதை அப்படியே நம்பி மீனை மறுபடியும் பைக்குள் போட்டார். "இதே வேலையா இருக்கிற உனக்கே தெரியலன்னா வேற யாருக்குத் தெரியப்போவுது, உடு."

பன்னிரண்டு உயிர்

அதற்குப் பிறகு புதிதாக சக்கர் வாங்குவதை நிறுத்தினேன். 'வளர்க்க முடியாத மீனை இங்கேயே திருப்பிக் கொடுக்கவும்' என்று எழுதி ஒட்டினேன். அப்படியும் ஒரு அமாவாசையன்று, மேல்மலையனூர் போகிற வழியில் ஒருவர் காரை நிறுத்திவிட்டு வந்தார். பன்னிரண்டு உயிரைத் தண்ணீரில் விடச் சொல்லி ஜோசியர் பரிகாரம் சொல்லியிருக்கிறாராம். செத்தால் பலிக்காதாம், அதனால் லேசில் சாகாத மீனாக, திரும்பி வந்திருந்த அந்தக் கறுப்பு மீன்களையே கொடு என்றார்.

உட்காரவைத்து விளக்கினேன். இது விரால் முட்டையைத் தின்னும், நம்மூர் மீன்களுக்குக் கிடைக்கிற பாசியைச் சுரண்டிவிடும், முட்டை வைக்கக் கரையைக் குடைந்து வளை தோண்டும். இந்த ஓட்டோடு இதை விழுங்க நாரையாலும் முடியாது, நீர்க்காகத்தாலும் முடியாது. எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். பிறகு எழுந்தார். "நீ குடுக்கலன்னா வேற கடையில வாங்கிக்கிறேன். அடுத்தவன் புண்ணியத்துல மண்ணள்ளிப் போடாத."

சாக்கு

தை மாதம் ஏழுமலை அண்ணன் ஒரு சாக்கைக் கொண்டுவந்து கடை நடுவில் கொட்டினார். எல்லாம் அந்த மீன்தான். விடியற்காலை பிடித்தது, மத்தியானம்வரை தண்ணீர் இல்லாமலேயே வாயை அசைத்துக்கொண்டிருந்தது. கூடவே இரண்டே இரண்டு விரால். வலையையும் விரித்துக் காட்டினார், தலை நுழைகிற அளவுக்குக் கிழிசல்கள். இந்த வருஷம் விரால் குஞ்சையே கண்ணில் காணவில்லை, இப்படியே போனால் ஏரியை விட்டுவிட்டு பெங்களூருக்குக் கட்டட வேலைக்குத்தான் போகவேண்டும் என்றார்.

இதற்குமேல் என்னால் முடியவில்லை. இது என் கடை மீன்தாண்ணா, வித்ததும் நான்தான், ஏரியில விடுங்கன்னு சொல்லிக் குடுத்ததும் நான்தான், அன்னிக்குத் தெரியலன்னு சொன்னது பொய் என்று சொல்லிவிட்டேன். திட்டுவார் என்று நின்றேன். அவர் ஸ்டூலில் உட்கார்ந்து தண்ணீர் வாங்கிக் குடித்தார். இதை ஒழிக்க முடியுமா என்று கேட்டார். முழுசா முடியாது, முட்டை வைப்பதற்குள் பிடித்துப் பிடித்துக் குறைக்கலாம் என்றேன். எத்தனை வருஷமாக விற்கிறாய் என்றார். ஒன்பது என்றேன். குனிந்து மீன்களை ஒவ்வொன்றாக சாக்கில் அள்ளிப் போட்டு, வாயைக் கட்டினார். "அப்ப ஒம்பது வருஷத்துக்கு ஞாயித்துக்கெழமையானா ஏரிக்கு வந்துடு. வலையிலருந்து இத எடுக்கறதுக்கு எனக்கு ஒரு ஆளு கொறையுது."

ஆகவே, வண்ண மீன் வியாபாரத்தில் எனக்கு இது பத்தாவது வருஷம், மீன்பிடித் தொழிலில் முதல் வருஷம்.